ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்

ஆண்கள் விடுதி,
கோயம்புத்தூர்.
14.7.1979

அன்புள்ள சின்னம்மைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதுமே நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். இந்த ஊர் வெயிலில் அதற்கு வேலையே இல்லை. அம்மாவுக்கு இரைப்பு எப்படி இருக்கிறது? மழையில் விறகு பொறுக்கப் போகிறேன் என்று கிளம்பினால் விடாதே. உன் பேச்சைத்தான் அவள் கொஞ்சமாவது கேட்பாள்.

எம்.ஏ. சமூகவியல் என்றால் மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பி வந்தேன் அல்லவா? வந்ததும் வராததுமாகத் தலையில் இடி. புள்ளியியல் என்று ஒரு பாடம் இருக்கிறதாம். அதில் தேறாமல் மேலே போக முடியாதாம். கருணாகரன் சார் வந்தார், கரும்பலகை நிறைய நான் கண்டிராத எழுத்துகளை எழுதினார், திரும்பிப் பார்த்தார், என்னை எழுப்பினார். சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வகுப்பே சிரித்தது. இந்த வயதில் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று காதெல்லாம் சுட்டது.

பக்கத்தில் உட்காரும் தங்கவேலு மட்டும் சிரிக்கவில்லை. பல்லடத்துக்காரன், வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, நல்லவன். சாயங்காலம் மரத்தடியில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தான். எனக்குப் புரிந்ததா என்று உனக்கு எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்.

உன் நிரையில் ஐந்து பேர் கொழுந்து பறிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள். ஒருத்தி பன்னிரண்டு கிலோ, ஒருத்தி பதினான்கு, நீ பதினைந்து, இன்னொருத்தி பதினாறு. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஆண்டாயி அக்கா மட்டும் பேய் மாதிரி நாற்பத்து மூன்று. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் இருபது. அது சராசரி. துரை அதைப் பார்த்து, "ஆளுக்கு இருபது பறிக்கிறார்களே!" என்று சந்தோஷப்படுவார். ஆனால் இருபது பறித்தவள் உங்களில் ஒருத்தியும் இல்லை. அதற்குப் பதிலாக எல்லாரையும் எடைப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவளைப் பார்த்தால் அது நீ. அதுதான் இடைநிலை. ஆண்டாயி அக்கா நூறு கிலோ பறித்தாலும் நீ நின்ற இடத்திலேயே நிற்பாய்.

புரிந்ததா? கப்பலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கே போய் எம்.ஏ. படிப்பேன்" என்று பெருமையடித்தவன் இதற்கே மூச்சு வாங்குகிறேன். சிரிக்காமல் பதில் எழுது.

என்றும் உன்,
பரமசிவன்

*

லயம் 4, காம்பரா 7,
அரசுத் தேயிலைத் தோட்டம்,
கோத்தகிரி வழி.
25.7.1979

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அத்தையும் நானும் மழையோடு நலம். அத்தையின் இரைப்பு குறைந்திருக்கிறது. விறகுக்குப் போகவில்லை. விறகு கட்டிக்கொண்டு வருகிறவர்களை வழியில் நிறுத்திப் பேசப் போகிறாள், அவ்வளவுதான்.

சிரிக்காமல் எழுதச் சொன்னீர்கள். சிரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் கணக்கை ஆண்டாயி அக்காவிடம் சொன்னேன். "நான் பறிச்ச கொழுந்த ஒங்களுக்கெல்லாம் பங்கு போட அந்த வாத்தி யாரு?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். நடுவில் நிற்கிறவள் நான் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மலையில் நிற்கும்போது அதையே நினைத்துக்கொண்டேன். மறுபடி இப்படி எழுதுங்கள். வெறும் சாப்பாடு, வெயில் என்று எழுதாதீர்கள்.

சிலோனிலிருந்து அப்பா எழுதியிருக்கிறார். தம்பிக்கு அங்கே அதே தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டதாம். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த நாட்டுக்காரர்கள், நான் ஒருத்தி மட்டும் இந்த நாட்டுக்காரி. நீங்கள் கண்டி பாஸ்போர்ட் ஆபீஸில் நின்றது நினைவுக்கு வந்தது. உங்கள் பாஸ்போர்ட்டில் என் பேர் ஏற வேண்டும் என்று அவசர அவசரமாக ரிஜிஸ்தர் போட்டோம். கையெழுத்து முதலில், தாலி பிறகு. அந்த ஆபீஸர், "இது யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டதும், அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "எம் பொஞ்சாதி!" என்றீர்கள். தாலிகூட அப்போது கழுத்தில் இல்லை. வெட்கத்தில் எனக்குப் பூமியே தெரியவில்லை. அதை நினைத்தால் அப்பாவை விட்டு வந்தது கொஞ்சம் லேசாகும்.

உங்கள் படிப்பில் எனக்கு ஒரு சந்தேகம். நம் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எத்தனை என்று சொல்வது? நீங்கள் வருஷத்தில் முக்கால்வாசி இங்கே இல்லை. உங்களைச் சேர்க்கலாமா, கூடாதா? சாரிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள,
சின்னம்மை

*

கோயம்புத்தூர்.
20.9.1979

அன்புள்ள சின்னம்மைக்கு,

முதலில் நல்ல செய்தி. புள்ளியியல் பரீட்சையில் தேறிவிட்டேன். தங்கவேலுவுக்கு அடுத்த மார்க் எனக்குத்தான். கருணாகரன் சார் என் விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்குச் சிரித்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தேன். அற்பத்தனம்தான், ஆனால் இனித்தது.

உன் சந்தேகத்தைச் சாரிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்டேன். நல்ல கேள்வி என்றார். ஆய்வில் வீடு என்றால் கூரையை வைத்துச் சொல்வதில்லை, சொந்தத்தை வைத்தும் சொல்வதில்லையாம். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு. வெளியூரில் இருக்கிறவரைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். ஆகவே நான் உன் வீட்டில் தனிக் கட்டத்தில் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. விடுதிச் சாப்பாட்டைப் பார்த்தால் அந்த அடுப்புக்காக ஏங்குகிறேன்.

இப்போது கூறெடுத்தல் என்ற பாடம் நடக்கிறது. ஒரு தோட்டத்தில் இருநூறு வீடு என்றால் எல்லாரையும் கேட்க நேரம் இருக்காது. தெரிந்தவர்களையும், நன்றாகப் பேசுகிறவர்களையும் மட்டும் கேட்டால் தப்பாகிவிடும். அதனால் வீட்டுக்கெல்லாம் எண் போட்டு, கண்ட வரிசையில் எண்கள் அச்சடித்த ஒரு அட்டவணையை வைத்து எடுப்பார்கள். எந்த எண் வருகிறதோ அந்த வீடு. சிபாரிசு செல்லாது.

பிழைகளிலும் இரண்டு வகை உண்டாம். ஒருவர் வயதைக் கூட்டிச் சொல்வார், இன்னொருவர் குறைத்துச் சொல்வார். நிறையப் பேரைக் கேட்டால் அது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொரு வகை ஒரே பக்கமாகச் சாயும் பிழை. கள் குடிப்பீர்களா என்று கேட்டால் எல்லாருமே இல்லை என்பார்களே, அது மாதிரி. வெட்கத்தால் வருகிற பிழை. எத்தனை ஆயிரம் வீட்டைக் கேட்டாலும் அது தீராது. இதைச் சார் சொன்னபோது எனக்கு ஏனோ வியர்த்தது.

தீபாவளிக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்து.

என்றும் உன்,
பரமசிவன்

*

கோயம்புத்தூர்.
30.10.1979

அன்புள்ள சின்னம்மைக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. நீ மட்டும் படி.

நவம்பர் மாதம் எங்கள் வகுப்பு ஆய்வுக்குப் போகிறது. தலைப்பு, தாயகம் திரும்பியோர் குடும்ப நிலை. நீலகிரியில் எந்தத் தோட்டம் என்று சார் சீட்டுக் குலுக்கினார். நம் தோட்டம் வந்தது. எனக்குச் சுகமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். களப்பணிக்கு வராதவனுக்கு மார்க் இல்லை என்றுவிட்டார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து ஊரும் குடும்பமும் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் எழுந்தவர்கள் மில், தோப்பு, டாக்டர் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது ஊட்டி என்றேன். அப்பா மார்க்கெட்டில் கடை வைத்திருந்தார் என்றேன். நான் ஊட்டியில் பி.ஏ. படிக்கும்போது கணக்கு எழுதினேனே, அந்த ரஹ்மத்துல்லா பாய் கடையை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன். "கல்யாணம்?" என்று ஒருவன் கேட்டான். "அதெல்லாம் இன்னும் இல்லை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன் கடிதங்கள் வரும்போது உறவுக்காரப் பெண் எழுதுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பரீட்சையில் நல்ல பேர் வாங்கிய பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல பேர் வந்த பிறகு வாயைத் திறக்க இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்போது இந்தக் கூட்டத்தையே நம் லயத்து வீடுகளுக்கு அழைத்துக்கொண்டு வரப் போகிறேன்.

சின்னம்மை, ஒரே ஒரு நாள். என்னைத் தெரிந்தமாதிரி யாரும் காட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வாயா? அம்மாவை எங்காவது அனுப்பி வை. என்னைப் பார்த்தால், "வா ராசா" என்று அவள் ஓடி வந்துவிடுவாள். படிப்பு முடிந்ததும் எல்லாரிடமும் சொல்லி உன்னை இங்கே அழைத்து வந்து காட்டுவேன். இது சத்தியம்.

இதை எழுதவே கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உன்,
பரமசிவன்

*

லயம் 4.
8.11.1979

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. சரி.

அத்தையை ஓவேலியில் இருக்கும் பெரியத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே குழந்தை பிறந்திருக்கிறது, அத்தையைப் பார்க்கத் துடிக்கிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டினேன். குழந்தை பிறந்தது நிசம், துடித்தது என் சேர்க்கை. உங்களோடு சேர்ந்து எனக்கும் நன்றாக வருகிறது.

லயத்தில் சொல்வதற்குத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. ஆண்டாயி அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலேயே எல்லாரையும் கூட்டி, "நம்ம பரமசிவந் தம்பி காலேசு ஆளுங்களோட வருது. யாரும் வாயத் தொறக்கப்புடாது. லயத்துப் புள்ளனு தெரிஞ்சா அங்க பேர வெட்டிப்புடுவாங்களாம்" என்று சொல்லிவிட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவளாக அர்த்தம் செய்துகொண்டாள். நானும் திருத்தவில்லை. உங்களுக்கு நம்மைப் பார்த்து வெட்கம் என்பதைவிட அது கேட்க நன்றாக இருந்தது.

எல்லாரும் உடனே சரி என்றுவிட்டார்கள். சிலோனில் ஆபீஸர் வந்தால் லயமே சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னவர்கள்தானே. இவன் என் மகன், இவள் என் மருமகள், இது பிறந்தது இன்ன வருஷம் என்று ஒத்திகை பார்த்துச் சொல்லித்தான் குடும்பம் பிரியாமல் கப்பல் ஏறினோம். சேர்ந்து இருப்பதற்காக அப்போது சொன்னோம். வீட்டுக்கு எண் போட்டு எடுக்கப் போகிறார்கள் என்றதும் பூசாரி செல்லையா அண்ணன் பயந்தே போய்விட்டார். "இந்தத் தடவ எங்க அனுப்பப் போறாங்களாம்?" என்று என்னிடம் வந்து கேட்டார். எங்கேயும் இல்லை, படிப்புக்கு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

நீங்கள் வாருங்கள். உங்களை இங்கே யாருக்கும் தெரியாது.

சின்னம்மை

*

கோயம்புத்தூர்.
26.11.1979

என் அன்புள்ள சின்னம்மைக்கு,

இங்கே திரும்பியதிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், உனக்கு எந்த முகத்தோடு எழுதுவது?

உன் வீட்டு எண் அட்டவணையில் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வந்ததும் அதைத் தங்கவேலுவிடம் தள்ளிவிடப் பார்த்தேன். நாலாம் லயம் முழுக்க எங்கள் இருவருக்கும்தான் என்று சார் சொல்லிவிட்டார். வழியெல்லாம் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் நின்றார்கள். செல்லையா அண்ணன் என்னைப் பார்த்து, "ஐயா, வாங்க" என்று கைகூப்பினார். அதற்கே நான் செத்திருக்க வேண்டும்.

நீ சாக்கை விரித்துப் போட்டாய். தங்கவேலு எழுதினான், நான் கேட்டேன். உன் பெயரை உன்னிடமே கேட்டேன். வயதைக் கேட்டேன். கணவர் எங்கே என்ற கேள்வி வந்தபோது தாளைத் திருப்பிப் பார்த்தேன். நான் நிறுத்தியதைப் பார்த்துத் தங்கவேலுவே, "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க இருக்கறாரு?" என்று கேட்டுவிட்டான். வெளியூரில் வேலை என்று ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன். "சிலோன்ல தங்கிட்டாருங்க" என்றாய். தங்கவேலு அச்சச்சோ என்றான். அதை எழுதினான். வாசலில் நின்ற ஆண்டாயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். போய்விட்டேன், சின்னம்மை.

பிறகு தேத்தண்ணி கொடுத்தாய். நம் வழக்கப்படி தேயிலைச் சாயத்தைத் தனியாக ஊற்றி, சீனியைக் கையில் போட வந்தாய். தங்கவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை, தம்ளரை நீட்டினான். நான் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டிவிட்டேன். நீ சீனியைப் போட்டாய். நக்கிக்கொண்டே குடித்தேன். அப்போதுதான் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில், "உனக்கு எப்படிரா தெரியும்?" என்று கேட்டான். முந்தின வீட்டில் பார்த்தேன் என்றேன். இன்னொரு பொய்.

ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா, தண்டிக்கவா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தகும். நான் ஒரு கோழை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

உன்,
பரமசிவன்

*

லயம் 4.
9.12.1979

அன்புள்ள மச்சானுக்கு,

காப்பாற்றவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அந்த நேரத்தில் வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிறார் என்றால் எங்கே, என்ன வேலை என்று உங்கள் கூட்டாளி கேட்பார். செத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? என் மனுஷர் எல்லாரும் சிலோனில்தானே இருக்கிறார்கள். வாயில் அதுதான் வந்தது. சுலபமாக வந்துவிட்டது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று முழுக்கத் தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தேன்.

அத்தை ஓவேலியிலிருந்து வந்துவிட்டாள். லயத்தில் ஒரு விஷயத்தை மறைக்க முடியுமா? கேள்விப்பட்டதும் கூடையை அப்படியே போட்டுவிட்டு, "எம் மகன உசுரோட சிலோன்ல விட்டுட்டியாடி?" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் சொல்லித்தான் என்று நான் சொல்லவில்லை. திட்டு முழுவதும் எனக்கு. அவள் திட்டுவதை நிறுத்தியதும் அவளுக்கு இரைப்பு வந்துவிட்டது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நான் கோபமாக எழுதவில்லை. இரண்டு காரியம் கேட்கிறேன். பொங்கலுக்கு வாருங்கள். இருட்டில் வந்து இருட்டில் போகாமல் பகலில் வாருங்கள். வந்து லயத்து வாசலில் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், எல்லாரும் கேட்கட்டும். முடிந்தால் அந்தத் தங்கவேலுவையும் கூட்டி வாருங்கள். அவர் நல்ல மனுஷர் என்று நீங்களே எழுதினீர்கள். நல்லவரிடம் சொல்ல என்ன பயம்?

இரண்டாவது, அந்தத் தாளில் நான் சொன்னதை நீங்கள் உங்கள் வாயாலேயே மாற்ற வேண்டும். அது உங்களுக்குப் பாடம். எங்களுக்கு அப்படி இல்லை. தாளில் சொன்னதை வைத்துத்தான் அப்பா அந்த நாட்டுக்காரர் ஆனார். தாளில் சொன்னதை வைத்துத்தான் நான் உங்கள் பொஞ்சாதி ஆனேன். ஒரு தாளில் உங்களை இல்லை என்று சொல்லிவிட்டு என்னால் தூங்க முடியவில்லை.

வருவீர்கள் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
சின்னம்மை

*

கோயம்புத்தூர்.
7.1.1980

அன்புள்ள சின்னம்மைக்கு,

நீ சொன்னபடி அந்தத் தாளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லி உன் மனதை லேசாக்கிவிடுகிறேன்.

எல்லாத் தாளையும் கூட்டி அட்டவணை போட்டபோது, கணவன் சிலோனில் தங்கிவிட்ட வீடு என்ற கட்டத்தில் உன் வீடு ஒன்றே ஒன்று வந்தது. கருணாகரன் சாருக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்தித்து விரிவாக எழுதலாம் என்றார். இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று அவர் அறைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், என்னை நம்பு. அவர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க பரமசிவன்" என்று பிரியமாகச் சொன்னார். அந்தப் பிரியத்தில் என் தைரியம் போய்விட்டது. அந்த வீட்டுத் தகவல் சரியாக இல்லை, ஆய்வில் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக அடுத்த எண், ஆண்டாயி அக்கா வீடு. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கவேலு மட்டும் வந்து கேட்டுக்கொண்டு போவான். நீ வெளியே வர வேண்டியதில்லை.

ஆக, பிழை நீங்கிவிட்டது. எந்தத் தாளிலும் நீ என்னை இல்லை என்று சொல்லவில்லை. மற்றதை நான் மெதுவாகச் சரிசெய்வேன். பொங்கலுக்கு வர முடியாது, அட்டவணை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இது சாக்கு என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லயத்து வாசலில் நிற்பதை நினைத்தாலே செல்லையா அண்ணன் கும்பிட்டது கண்ணில் வருகிறது. அவமானம் கொஞ்சம் ஆறட்டும். ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன்.

தலை குனிந்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

என்றும் உன்,
பரமசிவன்

*

லயம் 4.
22.1.1980

திரு. பரமசிவன் அவர்களுக்கு,

பொங்கல் வைத்தோம். நன்றாகப் பொங்கியது. அத்தை வாசலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டாளி வந்தார். நீங்கள் வெளியே வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் போனேன். ஆண்டாயி அக்கா காம்பராவில் உட்கார்ந்து தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "மொதல்ல எடுத்த வீட்ட ஏங்க வேணாம்னுட்டீங்க?" என்று கேட்டேன். அவர் யோசிக்காமல், "அந்தம்மா சொல்றதெல்லாம் நம்பறாப்புல இல்லீங்கன்னு பரமசிவன் எங்க சாருகிட்டச் சொல்லிப்போட்டானுங்க" என்றார். சொன்ன பிறகுதான் நான் யார் என்று அடையாளம் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். தாளில் இருந்த எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கேவலமாக இருந்தது. உங்களுக்காக லயமே பொய் சொன்னது, நானும் சொன்னேன். கடைசியில் நம்ப முடியாதவள் நான். ஆண்டாயி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

புதுத் தாள் ஒன்று எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்தார். எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். வீட்டுக்காரர் எங்கே என்று வந்தபோது அவரே நிறுத்திவிட்டார். நானே சொன்னேன், "சிலோன்ல தங்கிட்டாருங்க." இந்தத் தடவை ஆண்டாயி அக்கா வாயைப் பொத்தவில்லை. "வருவாருங்களா?" என்று கேட்டார். வர மாட்டார் என்றேன். எழுதிக்கொண்டார்.

இது பொய் இல்லை. கண்டி ஆபீஸில் அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தன் பொஞ்சாதி என்று சத்தம் போட்டுச் சொன்ன மனுஷர் கப்பல் ஏறவே இல்லை. அங்கேதான் நிற்கிறார். நான் வேறு யாரோடோ வந்து இறங்கியிருக்கிறேன். அது தெரிய எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. இந்தத் தாளை நீக்க வேண்டாம் என்று உங்கள் சாரிடம் சொல்லுங்கள். யார் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

உங்கள் கூட்டாளிக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் தம்ளரை நீட்டாமல் உள்ளங்கையை நீட்டினார். சீனியைப் போட்டேன். குடித்து முடித்து, "அவனுக்கு ஏதாச்சும் சொல்லோணுங்களா?" என்று கேட்டார். நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஆகவே இனி நீங்கள் அவரிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. உறவுக்காரப் பெண் என்று சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை திட்டவில்லை. என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். அவள் உங்கள் அம்மா. பார்க்க வேண்டும் என்றால் பகலில் வாருங்கள், நான் மலைக்குப் போயிருப்பேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு என்று எழுதினீர்கள். தாளிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர். தனிக் கட்டத்தில் யாரும் இல்லை.

இப்படிக்கு,
சின்னம்மை
லயம் 4, காம்பரா 7